பெட்டியும் தகடும்: கலங்கரை விளக்கங்களைத் தேடிச் சென்ற இரு பயணிகள்

படைவீரர்கள் கழுத்தில் அணியும் அடையாளத் தகட்டை ஒத்த சிறிய அலுமினியத் தகடு ஒன்று, ஒரு கலங்கரை விளக்கத்திலிருந்து மற்றொரு கலங்கரை விளக்கத்திற்குக் கைமாறிக் கைமாறிச் செல்கிறது. அதனை எடுத்துச் செல்வோர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். தகட்டிற் பொறித்துள்ள எண்ணே அதன் பெயரும் முகவரியும். 'டிராவல் பக்' என்பது வணிகர் அதற்கு இட்ட பெயர். 'கடற்கரையிலுள்ள கலங்கரை விளக்கங்களைக் கண்டு வரவேண்டும்' என்பது போன்ற வேண்டுகோள் ஒன்றை உரிமையாளர் அதனோடு இணைத்து அனுப்பிவிடுகிறார். அவர் வீட்டில் இருக்கிறார். தகடு ஊர் சுற்றுகிறது. இதனை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. விளையாட்டேதான், அதில் ஐயமில்லை. ஆயினும் இத்தகடு பிறப்பதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னரே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கடற்கரைகளில் இதே கதவுகளை நோக்கி, ஏறத்தாழ இதே முறையில், வேறொரு பொருள் பயணம் செய்து வந்தது. ஏறக்குறைய நாற்பது நூல்கள் அடங்கிய மரப்பெட்டி அது. அப்பெட்டியின் வரலாற்றை அறிந்த பின்னரே இத்தகட்டின் பயணத்திற்கு முழுப்பொருள் விளங்கும்.

முதலில் தகட்டின் பிறப்பைக் காண்போம். வானில் வலம்வரும் செயற்கைக்கோள்களின் துணைகொண்டு நிலத்தில் ஒருவர் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக் காட்டும் 'ஜி.பி.எஸ்.' என்னும் ஏற்பாட்டை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கியது. பொதுமக்கள் பயன்படுத்தும் கருவிகளுக்குக் கிடைத்த குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் காட்டப்பட்ட இடம் நூறு மீட்டர் வரை விலகியிருக்கக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், குடியரசுத் தலைவர் கிளின்டனின் ஆணைப்படி அப்பிழை நீக்கப்பட்டது. ஓர் இரவுக்குள் உலகிலுள்ள கருவிகளெல்லாம் கூர்மை பெற்றன.

அதனைக் கொண்டாட எண்ணிய டேவ் அல்மர் என்பவர், மே 3ஆம் நாள், ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகருக்கு அண்மையிலுள்ள பீவர்கிரீக் என்னும் ஊரின் காட்டுப்பகுதியில் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்தார். வாளி இருக்கும் இடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை மட்டும் ஊரறிய வெளியிட்டார். வாளிக்குள் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருந்தன. கணிப்பொறி மென்பொருள், ஒளிநாடா, உணவு, சிறிது பணம், ஒரு கவண் ஆகியவற்றோடு நூல்களும் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொள்பவர் ஒன்றை வைத்துச் செல்ல வேண்டும். வந்து சென்றதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இவையே விதி. மூன்று நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதனைக் கண்டுபிடித்தார். அம்மாதம் முடியும் முன்னரே 'ஜியோகேச்சிங்' என்னும் பெயரும் இவ்விளையாட்டிற்கு அமைந்துவிட்டது.

எண் பொறித்த தகடு 2001ஆம் ஆண்டில் வந்தது. ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு தகடுகள் இணையாக விற்கப்பட்டன. ஒன்றை ஏதேனும் ஒரு பொம்மையிலோ சாவிக்கொத்திலோ கோத்துப் பயணத்திற்கு அனுப்பிவிடலாம். மற்றொன்று உரிமையாளரிடமே இருக்கும். மறைபெட்டி ஒன்றில் அத்தகட்டைக் காண்பவர் அதனைத் தமதாக்கிக் கொள்ளல் கூடாது. எடுத்துச் சென்று, அதன் வேண்டுகோளுக்கு இசைந்த வேறோர் இடத்தில் வைத்துவிட்டு, எங்கிருந்து எங்கே கொண்டுசென்றார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். எத்தனை மைல் சென்றது என்னும் கணக்கும் வளர்ந்துகொண்டே போகும். தகடுகள் பல இடைவழியில் காணாமற் போய்விடுவதும் உண்டு. சட்டைப்பையில் மறதியாய்க் கிடந்தவை சில. மனமறிந்து வைத்துக்கொள்ளப்பட்டவை சில. மழையிலும் மண்ணிலும் மறைந்தவை சில. அப்போது உரிமையாளரிடம் இணைத்தகடு ஒன்றே எஞ்சும்.

பொருளை மறைத்துவைத்து அடுத்து வருவோரை நம்பிப் போகும் இவ்வழக்கம் 2000இல் திடீரென்று தோன்றியதன்று. இங்கிலாந்தின் டார்ட்மூர்ச் சதுப்பு நிலத்தில் 1854ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி கிரான்மியர் குளத்தருகே ஒரு புட்டியை வைத்து, அங்கு வரை நடந்து வருவோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டுச் செல்லுமாறு செய்தார். பின்னாளில் அங்கே அஞ்சலட்டைகளை விட்டுச் செல்லும் வழக்கம் வளர்ந்தது. அடுத்து வருபவர் அவற்றை எடுத்துச் சென்று அஞ்சலில் சேர்ப்பார். இது நிற்க.

இத்தகைய தகடு செல்லுமிடமாகக் கலங்கரை விளக்கத்தைத் தேர்வது ஏன் என்னும் வினாவிற்குத் தமிழ்ச்சொல்லே ஒரு விடையைத் தன்னுள் வைத்திருக்கிறது. கலம் என்பது மரக்கலம். கரைதல் என்பது அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோம் அல்லவா? கலங்களைக் கரையும் விளக்கமே கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் இத்தொடர் இடம்பெறுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையும், உயர்ந்த மாடத்தின் மேல் இரவில் எரிந்து கலங்களை அழைக்கும் தீயைக் காட்டுகிறது. பிற மொழிகள் பலவும் அதனை விளக்கு வீடு என்றோ, கோபுரம் என்றோ கட்டடத்தை நோக்கிப் பெயரிட்டிருக்க, தமிழ் அதன் தொழிலை நோக்கிப் பெயரிட்டது சிறப்பு. எனினும் அழைக்கும் விளக்கின் அடியில் வாழ்ந்த மனிதரை அழைப்பார் எவருமில்லை. அவரிடம் யார் சென்றனர், எதனைக் கொண்டு சென்றனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

வட அமெரிக்காவின் முதற் கலங்கரை விளக்கம் பாஸ்டன் துறைமுகத்தில் 1716ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் முதற் காவலர் ஜார்ஜ் வொர்திலேக், 1718ஆம் ஆண்டு நவம்பரில் மனைவியோடும் மகளோடும் படகில் திரும்புகையில் கவிழ்ந்து இறந்தார். அத்துயரைப் பாடலாக்கிய சிறுவன் ஒருவன், அச்சிட்ட தாள்களைத் தானே பாஸ்டன் தெருக்களில் விற்றான். அவன் பெயர் பெஞ்சமின் பிராங்கிளின்; அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. பாடல் நன்றாக விற்றது என்றும், ஆனால் தரத்தில் மிகத் தாழ்ந்தது என்றும் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பா எழுதுபவர் மோசமாகப் பிழைப்பர் என்று தந்தை எள்ளவே, அவர் கவிதையைக் கைவிட்டார். அமெரிக்கக் கலங்கரை விளக்கத்தைப் பற்றிய அத்தொல்பாடல் இன்று கிடைக்கவில்லை. அது கிடைத்திருந்தால் நூலாசிரியரின் மதிப்பீடு சரிதானா என்று பாவலர்கள் ஆராய்ந்து பார்த்திருக்கலாம். அதே பிராங்கிளின் 1731இல் பிலடெல்பியா நகரில் நண்பர்களுடன் சேர்ந்து நூல்களை இரவல் தரும் நூலகக் குழுமம் ஒன்றை நிறுவினார். விளக்கும் நூலும் அவர் வாழ்வில் தனித்தனியே நின்றன. அவ்விரண்டும் ஒன்றாக மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

1852ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலங்கரை விளக்க வாரியம் அமைந்தது. கடற்கரை முழுவதும் மாவட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் ஓர் ஆய்வாளர் அமர்த்தப்பட்டார். பிரெனெல் வில்லைகள் வரவழைக்கப்பட்டன. பிரான்சு நாட்டு அறிஞர் பிரெனெல் வகுத்த அவ்வில்லை, பட்டகக் கண்ணாடிகளை வளையம் வளையமாக அடுக்கிச் சிறு சுடரின் ஒளியையும் ஒரே கற்றையாகத் திரட்டித் தொலைவுக்கு அனுப்புவது. ஒளி செம்மையுற்றது. ஆனால் ஒளியைப் பேணியவர்களின் நிலை? சூரியன் மறைவது முதல் உதிப்பது வரை சுடரைக் காத்தல், திரியைக் கத்தரித்தல், புகை படிந்த கண்ணாடியைத் துடைத்தல், எண்ணெய்க் குடங்களைப் படியேற்றுதல் என ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் படியாகவே கழிந்தது. கடலின் நடுவே பாறையில் இருந்தோர்க்கு அண்டை வீடு இல்லை, பள்ளி இல்லை, செய்தித்தாள் இல்லை.

1876ஆம் ஆண்டு முதல் வாரியம் நடமாடும் நூற்பெட்டிகளை அனுப்பத் தொடங்கியது. கப்பல்களில் பணிபுரிவோர்க்கு நூற்பெட்டிகளை இரவல் தரும் வழக்கத்தை மாலுமியர் நலச் சங்கம் ஒன்று நியூயார்க்கில் அதற்கு முன்பே நடத்தி வந்தது. வாரியம் அதனை நிலையாக நிற்கும் கலங்களுக்கும் விரித்தது எனலாம். விளக்குக் கப்பல்களுக்கும், எளிதில் அணுக முடியாத கடற்பாறை நிலையங்களுக்கும் முதலிடம் தரப்பட்டது. ஊர்களிலிருந்து தொலைவில் குடும்பத்தோடு வாழ்ந்த காவலர்களும் கருதப்பட்டனர்.

பெட்டியின் அமைப்பு எண்ணி மகிழத்தக்கது. அது மரத்தாலானது. மேசையின்மேல் நிமிர்த்தி வைத்துக் கதவைத் திறந்தால் அழகிய சிறு நூலடுக்கு. கதவை மூடிப் பூட்டினால் அடுத்த கணமே பயணத்திற்கு அணியமான பெட்டி. தனியே கட்டவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். கதவின் உட்புறத்தில் நூற்பட்டியல் அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. சராசரியாக நாற்பது நூல்கள் அதில் இடம்பெற்றன. வரலாறு, அறிவியல், கவிதை, நல்ல புதினங்கள் ஆகியவற்றோடு விவிலியமும் வழிபாட்டு நூலும் இருந்தன. கவிதைக்கு அரசு அலுவலர்கள் அப்பெட்டியில் இடம் ஒதுக்கினர் என்பதை இலக்கிய வட்டத்தினர் குறித்துக்கொள்ளலாம்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆய்வாளர் நிலையத்தைப் பார்வையிட வருவார். வரும்போது புதிய பெட்டி இறங்கும்; பழைய பெட்டி ஏறும்; ஏறிய பெட்டி அடுத்த விளக்கத்தில் இறங்கும். ஆண்டிற்கு நான்கு பெட்டிகள். அக்கணக்கில் ஒரு காவலர் குடும்பத்தின் வீட்டிற்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ நூற்று அறுபது நூல்கள் வந்து போயின. பழுது பார்ப்பதற்காகப் பெட்டி திரும்பும்போது, மிகுதியாகப் படிக்கப்பட்டவை எவை என்பதும் கவனிக்கப்பட்டது. ஏடு கசங்கிய நூலே நல்ல நூல் என்பது அவ்வலுவலகத்தின் திறனாய்வு அளவுகோல். இதனினும் சிறந்த அளவுகோல் இன்றைய நூல் மதிப்புரைகளில் அரிதாகவே தென்படுகிறது.

பெட்டியைச் சுமந்து சென்ற உதவிக் கப்பல்களுக்கு மரம், செடி, பூ ஆகியவற்றின் பெயர்களைச் சூட்டும் மரபு இருந்தது. ஆரிகன் கடற்கரையில் 'மான்சனீட்டா', 'கொலம்பைன்' என்னும் கப்பல்கள் பணியாற்றின. இரண்டும் செடிகளின் பெயர்களே. புல்லும் முளைக்காத பாறைகளுக்கு எண்ணெயும் உணவும் நூலும் பூப்பெயர் தாங்கிய கப்பல்களில் சென்றன.

அக்கரையில் டில்லமூக் பாறை என்னும் இடம் உண்டு. கரையிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் தனித்து நிற்கும் எரிமலைக் கரும்பாறை அது. அங்கே விளக்கம் எழுப்புவதற்காக 1879ஆம் ஆண்டு செப்டம்பரில் அளவெடுக்கச் சென்ற ஜான் டிரவேவாஸ் பாறையில் கால்வைத்த அன்றே அலையால் இழுக்கப்பட்டு இறந்தார். பின்னர்க் கல்லுடைப்போர் உச்சியை வெட்டிச் சமன்செய்து கட்டி முடித்தனர். 1881ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் விளக்கு ஏறியது. அதற்கு மூன்று வாரங்களுக்குக்கூட முன்பன்று, 'லுபாட்டியா' என்னும் கப்பல் மூடுபனியில் வழிதவறி அருகில் உடைந்தது. பதினாறு மாலுமிகளும் மாண்டனர். ஒரு நாய் மட்டுமே கரை சேர்ந்தது.

டில்லமூக்கில் குடும்பத்திற்கு இடமில்லை. ஆடவர் சிலர் மட்டுமே மாறிமாறித் தங்கினர். படகு பாறையை அணைந்து நிற்க முடியாது. ஆகவே பாறையின் மேலிருந்து பாரந்தூக்கியின் கரம் கடலின்மேல் நீண்டு, ஆளையும் பொருளையும் தூக்கி எடுக்கும். கப்பலின் தளம் ஒருபுறம் ஏறி இறங்க, கயிற்றின் நுனியில் அந்தரத்தில் ஆடிக்கொண்டே மேலே செல்ல வேண்டும். மாவு மூட்டையும் எண்ணெயும் ஏறிய அவ்வழியன்றி அப்பாறைக்கு எந்த நூலுக்கும் வேறு வழியில்லை. 1934ஆம் ஆண்டு அக்டோபர்ப் புயலில் கடல் பாறைத் துண்டுகளை வாரி விளக்கறையின்மேல் எறிந்தது. நீர்மட்டத்திலிருந்து 130 அடிக்கும் மேலே இருந்த பிரெனெல் வில்லை நொறுங்கியது. தொலைபேசிக் கம்பியும் அறுந்தது. உதவிக் காவலர் ஹென்றி ஜென்கின்ஸ் கையிற் கிடைத்த பொருள்களைக் கொண்டு சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை ஒட்டுப்போட்டுச் செய்தி அனுப்பினார்.

வானொலி 1920களிலேயே நிலையங்களுக்குள் நுழையத் தொடங்கியிருந்தது. 1929ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வில்லியம் வின்காபா என்னும் வானோட்டி, மெய்ன் மாநிலக் கடற்கரையின் காவலர்களுக்குச் செய்தித்தாளும் காப்பித்தூளும் அடங்கிய பொதிகளை வானூர்தியிலிருந்து இட்டார். புயலில் தமக்கு வழிகாட்டிய விளக்குகளுக்கு அவர் செலுத்திய நன்றி அது. பின்னர் எட்வர்டு ரோ ஸ்னோ என்னும் எழுத்தாளர் அப்பணியைப் பல்லாண்டுகள் தொடர்ந்தார். நூற்பெட்டிகள் மெல்ல மெல்ல வழக்கொழிந்து, இன்று எஞ்சியவை அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. 1939இல் கலங்கரை விளக்கப் பணி கடலோரக் காவல் படையோடு இணைக்கப்பட்டது. 1960களின் இறுதியில் விளக்கங்களைத் தாமே இயங்கச் செய்யும் திட்டம் விரைவுபெற்றது. 1998இல் பாஸ்டன் விளக்கமும் தானியங்கியாயிற்று. மரபு கருதி அங்கே மட்டும் காவலர் பதவி நீடித்து, 2023ஆம் ஆண்டின் இறுதியில் அவரும் ஓய்வு பெற்றார்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். காவலர்களை வெளியேற்றியது செயற்கைக்கோள் என்று கூறுவோர் உளர். அது பொருந்தாது. காவலரை வெளியேற்றியது மின்சாரம். செயற்கைக்கோள் வந்தபோது பெரும்பாலான கோபுரங்களில் ஆளே இல்லை. செயற்கைக்கோள் பறித்தது காவலரின் வேலையை அன்று, விளக்கின் வேலையை. கப்பலின் மேசைமேலேயே அதன் இடம் எண்ணாகத் தெரியும்போது, கரையிலிருந்து கரைந்தழைக்கும் ஒளியை நோக்கிக் கண்ணுயர்த்தும் மாலுமிகள் குறைந்தனர்.

இவ்விடத்தில் 2000ஆம் ஆண்டு மீண்டும் நினைவுக்கு வருகிறது. மே மாதத்தில் செயற்கைக்கோள் குறிப்பின் பிழை நீங்கியது. அதே வாரத்தில் ஆரிகன் காட்டில் வாளி மறைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தேசிய வரலாற்றுக் கலங்கரை விளக்கப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அரசுக்கு வேண்டாதனவாகிவிட்ட விளக்கங்களைப் பேண முன்வரும் ஊராட்சிகளுக்கும் அறநிலையங்களுக்கும் வரலாற்றுச் சங்கங்களுக்கும் விலையின்றி வழங்க அச்சட்டம் வழிசெய்தது. விளக்கின் பயனைக் குறைத்த அதே விண்மீன்கள், விளக்கைத் தேடிவரும் புதிய மக்களையும் அனுப்பின. இம்மூன்றும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயலே. எனினும் தகடு விளக்கத்தின் வாயிலுக்கு வந்தது தற்செயலன்று. இடங்காட்டும் கருவியோடு திரிபவர்க்கு, தமக்கு முன்பு இடங்காட்டிய கருவியைக் காணும் விருப்பம் எழுவது இயல்பேயாகும்.

ஆரிகனின் கரைச்சாலை வழியே அத்தகைய தகடு ஒன்று தெற்கு நோக்கிச் செல்வதாகக் கொள்வோம். 1890இல் ஏற்றப்பட்ட கேப் மியர்ஸ் விளக்கம் 38 அடியே உயரமுடைய குள்ளக் கோபுரம். குன்றின் உயரமே அதன் உயரம். 1873இல் ஏற்றப்பட்ட யக்குயினா ஹெட் 93 அடி. மாநிலத்தில் அதனினும் உயர்ந்த கோபுரம் இல்லை. 1894இன் ஹெசிட்டா ஹெட்டில் காவலர் வாழ்ந்த வீடு விருந்தினர் விடுதியாகியிருக்கிறது. கேப் பிளாங்கோ 1870ஆம் ஆண்டினது. ஒவ்வோரிடத்திலும் தகடு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறலாம். அல்லது கோபுரத்தின் முன் படமெடுக்கப்பட்டு அதே கையோடு அடுத்த ஊருக்குச் செல்லலாம். தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள் இசைவின்றி மறைபெட்டி வைக்கத் தடை உண்டாதலால், விளக்கம் பூங்காவிற்குள் இருப்பின் தகடு வாயில்வரை வந்து வணங்கித் திரும்பும் அடியவரைப் போன்றதே.

பெட்டிக்கும் தகட்டிற்கும் ஒப்புமைகள் பல. இரண்டிற்கும் எண் உண்டு. இரண்டும் எவர்க்கும் உரிமையாகத் தங்குவன அல்ல. இரண்டின் பயணமும் அடுத்தவரிடம் ஒப்படைத்தலால் மட்டுமே நடப்பது. வேற்றுமையும் சிறிதன்று. பெட்டிக்குப் பின்னால் வாரியமும் ஆய்வாளரும் இருந்தனர். தகட்டிற்குப் பின்னால் எவருமில்லை. அதனைத் திருடியவரைக் கேட்பாரும் இல்லை. பெட்டி தனித்திருந்தவரை நாடிச் சென்றது. தகடு செல்லும் வீட்டில் கதவைத் திறக்க ஆளில்லை. தகடு எதனையும் கொண்டு போவதுமில்லை. படிப்பதற்கு அதில் ஓர் எண்ணன்றி வேறில்லை. அவ்வகையில் பெட்டியே செல்வமுடையது என்று துணிந்து கூறலாம்.

ஆனால் ஆளில்லாக் கோபுரத்திற்கு வேறொரு தேவை உண்டு. 2010ஆம் ஆண்டு ஜனவரியில் கேப் மியர்ஸ் விளக்கத்தை நோக்கிச் சிலர் துப்பாக்கியால் சுட்டனர். நூற்றிருபது ஆண்டுகள் கடற்காற்றைத் தாங்கி நின்ற பிரெனெல் வில்லையின் பட்டகங்கள் உடைந்தன. இரவில் விழித்திருந்த காவலர் இருந்த காலத்தில் நடந்திருக்க இயலாத செயல் அது. எண் பொறித்த ஒரு தகட்டிற்காகவேனும் குன்றேறி வந்து, கோபுரத்தைச் சுற்றிப் பார்த்து, நாளையும் வானிலையையும் எழுதிச் செல்லும் அயலார், ஊதியமின்றி அக்காவலின் ஒரு சிறு பகுதியைச் செய்கின்றனர்.

நாளும் வானிலையும் எழுதுதல் காவலரின் கடமையாகவும் இருந்தது. 1870களிலிருந்து ஒவ்வொரு நிலையத்திலும் நாட்குறிப்பேடு கட்டாயமாயிற்று. காற்று, கடல், கடந்த கப்பல், செய்த வேலை ஆகியவையே அதற்குரியன. உள்ளத்தில் தோன்றியதற்கு அதில் இடமில்லை. டில்லமூக் பாறையின் கடைசிக் காவலர் ஆஸ்வால்டு ஆலிக் ஒருமுறை அவ்வெல்லையைக் கடந்தார். 1957ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் விளக்கை அணைத்தபின், ஏட்டின் இறுதிக் குறிப்பாகப் பாறையையே முன்னிலைப்படுத்தி விடைபெறும் உரை ஒன்றை எழுதினார். விளக்கோடு மனிதன் பேசிய அவ்வுரை அலுவலகக் குறிப்பேட்டில் எழுதப்பட்டதாயினும் கவிதைக்கு அணித்தானது. பின்னர் அவர் ஹெசிட்டா ஹெட்டிற்கு மாற்றப்பட்டு, அது 1963இல் தானியங்கியானபோது அங்கும் கடைசிக் காவலராக நின்றார்.

டில்லமூக் பாறை தனியாரிடம் சென்று, 1980 முதல் இறந்தோரின் சாம்பற்கலங்களை வைக்கும் இடமாயிற்று. அதற்கான உரிமமும் 1999இல் போயிற்று. பாரந்தூக்கி இல்லை, கடற்பறவைகளும் கடற்சிங்கங்களும் அங்கே குடியிருக்கின்றன. ஆரிகனின் விளக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்டுவரும் தகடு அந்தப் பாறையில் மட்டும் இறங்க இயலாது. எகோலாப் பூங்காவின் குன்றில் நின்று, தகட்டை விரல்களுக்கிடையே உயர்த்திப் பிடித்து, பின்னே கடலில் சிறு கரும்புள்ளியாகத் தெரியும் பாறையையும் சேர்த்துப் படமெடுத்துக்கொண்டு, கொண்டுவந்தவர் அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார்.